மாம்பலமா, பெருங்களத்தூரா? மாமனார் வீட்டு மாடியில 40 லட்சம் போடுறதுக்கு முன்னாடி

மேற்கு மாம்பலத்துல வாடகைக்கு இருக்குற 38 வயசு வாசகி ஒருத்தங்க நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியுற மாதிரி இருந்ததையெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா சென்னையில இதே நிலைமையில நிறைய குடும்பம் இருக்கு.

வாசகி தேனாம்பேட்டைல ஒரு தனியார் கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்குறாங்க. கணவருக்கு தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துல வேலை. ஒரே பொண்ணு, அஞ்சாவது படிக்குது, ஸ்கூல் வீட்டிலேருந்து நடக்குற தூரம்தான். ரெண்டு பெட்ரூம் வீடு, 26,000 வாடகை, ரெண்டரை லட்சம் அட்வான்ஸ். மாமனாருக்கு 76 வயசு, மாமியாருக்கு 70, பெருங்களத்தூர்ல ஒரு கிரவுண்ட் மனையில தரைத்தளம் மட்டும் கட்டின சொந்த வீடு. மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதுக்கு அப்புறம் அவங்களால முன்ன மாதிரி நடமாட முடியல. மாமனார் மகனைக் கூப்பிட்டு, "மேல ஒரு மாடி கட்டிட்டு குடும்பத்தோட வந்துடுப்பா, எனக்கு அப்புறம் எல்லாம் உனக்குத்தானே"ன்னு சொல்லியிருக்கார். கணவர் 40 லட்சம் லோன் போடலாம்னு சொல்றார், வாசகியும் கோ-அப்ளிகன்டா கையெழுத்து போடணும், பத்தாததுக்கு வாசகியோட நகையில 30 பவுனை வைக்கணும்.

வாசகிக்கு மனசு ஒத்துக்கல, ஆனா மறுக்கவும் முடியல. அவங்க எழுதினதுல மூணு விஷயத்தை அவங்க வார்த்தையிலேயே தர்றேன். "தாத்தாவோட ஊர் நிலத்தை வித்து வாங்கின மனை, அதனால அது பரம்பரைச் சொத்து, என் வீட்டுக்காரருக்குப் பிறப்புலேயே பங்கு இருக்கு." "நாத்தனார் ரெண்டு பேருக்கும் சீர் செஞ்சு அனுப்பியாச்சு, எங்களுக்கு எதுவும் வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க." "எங்க உறவுல ஒருத்தர், மாமனார் மாமியாரோட இருக்க மாட்டேன்னு சொன்னா அதையே கொடுமைன்னு காட்டி டைவர்ஸ் வாங்கிடலாம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சுன்னு சொல்றார்." கடைசியா, "நான் சுயநலமா யோசிக்கிறேனா மேடம்?"ன்னு கேட்டு முடிச்சிருக்காங்க.

இல்லம்மா. நீங்க சுயநலமா யோசிக்கல. உங்க வீட்டுல எல்லாருமே நல்ல மனசோடதான் பேசுறாங்கன்னு கடிதத்தைப் படிச்சாலே தெரியுது, பெரியவங்களைத் தனியா விடக்கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் நினைக்கிறதுல ஒரு தப்பும் கிடையாது. பிரச்சினை என்னன்னா ரெண்டு தனித்தனிக் கேள்வியை ஒண்ணா முடிச்சுப் போட்டு உங்க முன்னாடி வச்சிருக்காங்க. எங்க குடியிருக்கிறதுங்கிறது ஒண்ணு. யாரோட மண்ணுல உங்க பணத்தைப் போடுறதுங்கிறது இன்னொண்ணு. முதலாவதுல தப்பு நடந்தா அடுத்த மே மாசம் திரும்பி வந்துடலாம். ரெண்டாவதுல தப்பு நடந்தா இருபது வருஷம் இஎம்ஐ கட்டிக்கிட்டே கோர்ட்டுக்கு நடக்கணும். அதனால ரெண்டாவதை முதல்ல பேசிடறேன், நான் வக்கீல்ங்கிறதால மட்டும் இல்ல, உங்க கடிதத்துல அதுதான் பெரிய ஆபத்து.

அந்த வீடு இப்போ யாரோடது

நீங்க இந்துக் குடும்பம்னு கடிதத்துல இருந்து தெரியுது, அதை வச்சு சொல்றேன், கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பம்னா கணக்கே வேற. தாத்தா நிலத்தை வித்த பணத்துல வாங்கினதால பரம்பரைச் சொத்துன்னு நினைக்கிறீங்க. தாத்தாகிட்டேருந்து வந்ததெல்லாம் பரம்பரைச் சொத்து ஆயிடாது. உங்க கடிதப்படி தாத்தா இறந்தது 1979ல. இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956ல. அதுக்கு அப்புறம் இறந்த ஒருத்தரோட சொந்த சொத்து வாரிசா ஒரு மகனுக்கு வந்தா, அது அந்த மகனோட தனிச் சொத்து, பேரனுக்குப் பிறப்பால உரிமை வராது, இதை சுப்ரீம் கோர்ட் 1986லேயே சொல்லிடுச்சு. ஆக தாத்தா தானா சம்பாதிச்ச நிலமா இருந்தா, அதை வித்த காசுல மாமனார் தன் பேருக்கு வாங்கின மனை முழுக்க முழுக்க மாமனாரோடது. அவர் உயிரோட இருக்கிற வரைக்கும் உங்க வீட்டுக்காரருக்கு அதுல ஒரு செங்கல் கூட சொந்தம் இல்ல. அவர் நினைச்சா யாருக்கு வேணா எழுதலாம், விக்கலாம்.

இப்போ அந்த மண்ணுமேல நீங்க 40 லட்சத்துக்கு மாடி கட்டுறீங்கன்னு வைங்க. நம்ம ஆளுங்க எல்லாரும், "கீழ அப்பாவோடது, மேல எங்களோடது, நாங்கதானே கட்டினோம்"னு நினைக்கிறாங்க. பில்லெல்லாம் பத்திரமா ஃபைல்ல வச்சிருப்பாங்க. ஆனா பொதுவா கட்டடம் மண்ணோடதான் போகும். மாமனார் ஒண்ணும் எழுதி வைக்காம காலமானா, மாமியார், உங்க வீட்டுக்காரர், ரெண்டு நாத்தனார்னு நாலு பேரும் முதல் வகுப்பு வாரிசு, ஆளுக்குக் கால் பங்கு. தரைத்தளத்துல மட்டும் இல்ல, நீங்க கட்டின மாடியிலயும் சேர்த்துத்தான் பங்கு கேப்பாங்க. உங்க வீட்டுக்காரர் தன் காசுல கட்டினதைப் பாகப்பிரிவினை வழக்குல சொல்லலாம், கோர்ட் பங்கு ஒதுக்கும்போது அதைக் கணக்குல எடுத்துக்க வாய்ப்பும் இருக்கு, ஆனா அது நீங்க நிரூபிச்சு, அவங்க மறுத்து, கோர்ட் அனுப்புற கமிஷனர் வந்து அளந்து, அப்பீல் போய், எப்போ முடியும்னு யாராலும் சொல்ல முடியாத விஷயம்.

இன்னும் ஒரு கஷ்டமான விஷயம் சொல்றேன், யாரும் வாயால சொல்ல விரும்ப மாட்டாங்க ஆனா கடன் பத்திரத்துல கையெழுத்து போடுறவங்க யோசிச்சே ஆகணும். மாமனார் இருக்கும்போதே உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆயிட்டா? அப்போ அவருக்கு வரவேண்டிய அந்தக் கால் பங்குதான் பின்னால உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் சேர்த்து வரும், அதுவும் மாமனார் வேற யாருக்கும் எழுதாம இருந்தா. கோ-அப்ளிகன்டா கையெழுத்து போட்ட உங்க பேர்ல மொத்தக் கடனும் நிக்கும். அதனால லோன் எடுக்கிற நிலைமை வந்தா, லோன் தொகைக்குக் குறையாம உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு டெர்ம் இன்சூரன்ஸ் முதல்ல, கடன் அப்புறம்.

நாத்தனார்கள் வாயால சொன்னது

சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, அதனால பங்கு இல்லன்னு சட்டத்துல எங்கயுமே கிடையாது. 1989க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்குப் பங்கு இல்லன்னு ஒரு வருஷக் கணக்கும் உங்க கடிதத்துல எழுதியிருந்தீங்க. அது வந்த கதை இதுதான்: தமிழ்நாடு அரசு 1989 மார்ச் 25லேருந்து பெண்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்துல பிறப்புரிமை கொடுத்துச்சு, ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு அது பொருந்தாதுன்னு ஒரு நிபந்தனை வச்சாங்க. அதுவும் பூர்வீகச் சொத்து பத்தின விஷயம். 2005ல மத்திய அரசு நாடு முழுக்க சட்டத்தைத் திருத்தினதுக்கு அப்புறம் கல்யாணம் ஆன தேதியே கேள்வி இல்ல, 2020ல வினீதா சர்மா வழக்குல சுப்ரீம் கோர்ட் இதை இன்னும் தெளிவா சொல்லிடுச்சு. அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்துலயோ, அவர் எழுதி வைக்காம இறந்தா பொண்ணுக்கும் பையனுக்கும் சம பங்குங்கிறது 1956லேருந்தே இருக்கு. முன்னாடி குடியிருக்கிற வீட்டை மட்டும் ஆண் வாரிசுகள் பிரிக்கச் சொன்னாதான் பெண்கள் பிரிக்கச் சொல்ல முடியும்னு ஒரு தடை இருந்தது, அதையும் 2005ல எடுத்துட்டாங்க.

சரி, அவங்களே வேணாம்னு சொல்றாங்களே, இப்பவே ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடலாமேன்னு கேப்பீங்க. அப்பா உயிரோட இருக்கும்போது மகளுக்கு அந்த வீட்டுல உரிமையே இன்னும் பிறக்கல, நாளைக்குக் கிடைக்கலாம்ங்கிற ஒரு எதிர்பார்ப்பு மட்டும்தான் இருக்கு. இல்லாத உரிமையை விட்டுக் கொடுக்கிறேன்னு எழுதினா, பதிவே பண்ணியிருந்தாலும், அதை நம்பி 40 லட்சம் போட முடியாது. விடுதலைப் பத்திரம் அப்பா காலத்துக்கு அப்புறம் எழுத வேண்டியது. அப்போ அவங்க மனசு இப்படியே இருக்கும்னு யார் உத்தரவாதம் தர முடியும்? அவங்களைத் தப்பா சொல்லல. பெரிய நாத்தனார் பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் வரும், சின்னவங்க வீட்டுல ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வரும், மாப்பிள்ளைங்க கேப்பாங்க. பங்கு கேக்குறது அவங்க உரிமை, அப்போ கோபப்பட்டு அர்த்தம் இல்ல.

மாடி கட்டுறதுக்கு முன்னாடி எழுத வேண்டியது

இதுக்கு வழி இருக்கு, அதுவும் மாமனார் நல்லா நடமாடிக்கிட்டு, தெளிவா பேசிக்கிட்டு இருக்குறப்பவே செய்யணும். அவர் உங்க வீட்டுக்காரர் பேருக்கு ஒரு செட்டில்மென்ட் பத்திரம், அதாவது காசு வாங்காம இப்பவே சொத்தை எழுதிக் கொடுக்குற தான செட்டில்மென்ட், எழுதிப் பதிவு பண்ணணும். குடும்பத்துக்குள்ள எழுதுற செட்டில்மென்ட்டுக்கு தமிழ்நாட்டுல சலுகை இருக்கு, சொத்து மதிப்புல 1 சதவீதம் முத்திரைத் தீர்வை, அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இது 2023 ஜூலைல உயர்த்தின கணக்கு, பதிவு பண்ணப் போற நேரத்துல ஒரு தடவை சரிபாத்துக்கோங்க. கிரயம் பண்ணினா 7 சதவீதம் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம்னு போகும், அதோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல.

முழு வீட்டையும் எழுதச் சொல்லாதீங்க. இது என் சொந்த அபிப்பிராயம், வேற வக்கீல் வேற மாதிரி சொல்லலாம். மனையில பிரிபடாத, அதாவது இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு அளந்து பிரிக்காத, பாதி பாகத்தையும் மேல மாடி கட்டிக்கிற உரிமையையும் மட்டும் உங்க வீட்டுக்காரருக்கு எழுதினா போதும். தரைத்தளமும் மீதி பாதி மனையும் மாமனார் பேர்லயே இருக்கட்டும், அதை அவர் மாமியாருக்கோ பொண்ணுங்களுக்கோ தன் இஷ்டப்படி உயில் எழுதட்டும். பெரியவங்க தலைக்கு மேல அவங்க பேர்லயே ஒரு கூரை இருக்கும், நாத்தனார்களுக்கும் ஏதோ மறைச்சு எழுதி வாங்கிட்டாங்கங்கிற எண்ணம் வராது, நீங்களும் உங்க மண்ணுல கட்டினவங்களா இருப்பீங்க. முழு வீட்டையும் எழுதித்தான் ஆகணும்னு மாமனாரே பிடிவாதமா இருந்தா, அவருக்கும் மாமியாருக்கும் ஆயுள் வரைக்கும் குடியிருக்கிற உரிமை உண்டுன்னு பத்திரத்துலயே சேர்த்து எழுதணும்.

உயில் எழுதினா போதாதான்னு உங்க வீட்டுக்காரர் கேப்பார். உயில் அவர் எப்போ வேணா மாத்தலாம், ரத்து பண்ணலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும். அதை நம்பி வாழலாம், அதை நம்பி கடன் வாங்கக் கூடாது.

செட்டில்மென்ட் எழுதி வாங்கிட்டா கடமை முடிஞ்சதுன்னும் நினைக்க வேணாம். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல வந்தது, அதுல 23வது பிரிவுப்படி, பாத்துக்குவாங்கன்னு நம்பி எழுதிக் கொடுத்த பெற்றோரைப் பிள்ளைங்க கவனிக்காம விட்டா அந்தப் பத்திரத்தையே செல்லாதுன்னு அறிவிக்கச் சொல்லி அவங்க தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவைப் பெரியவங்க பக்கமா தாராளமா படிக்கணும்னும் சொல்லியிருக்கு. எனக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடிச்ச சட்டம், எழுதிக் கொடுத்துட்டு அடுத்த மாசமே வாசல்ல நின்ன பெரியவங்களை நிறைய பார்த்திருக்கேன்.

அடுத்து உங்க பங்கு. உங்க 30 பவுன் உங்க ஸ்திரீதனம், உங்க கணவருக்குக் கூட அதுல உரிமை இல்ல. அதையும் உங்க சம்பளத்தையும் இந்த வீட்டுல போடுறீங்கன்னா உங்க பேரும் பத்திரத்துல இருக்கணும். மாமனார் மகனுக்கு எழுதட்டும், அதுக்கு அப்புறம் உங்க வீட்டுக்காரர் தன் பாகத்துல பாதியை உங்களுக்கு செட்டில்மென்ட் எழுதட்டும், புருஷன் மனைவிக்கு எழுதினாலும் அதே குடும்பச் சலுகைதான். இதைக் கேக்குறதுக்குக் கூச்சப்படாதீங்க. கடனுக்கு நீங்களும் பொறுப்புன்னா வீட்டுலயும் பாதி உங்களுதா இருக்கிறது நியாயம்தான்.

வர மாட்டேன்னு சொன்னா டைவர்ஸா?

உங்க உறவுக்காரர் சொல்ற தீர்ப்பு 2016 அக்டோபர்ல வந்தது. பெத்தவங்களை விட்டு வந்துடுன்னு நியாயமான காரணம் இல்லாம கணவனைத் தொடர்ந்து நெருக்கினா அது கொடுமையாகலாம்னு அதுல சொல்லியிருக்காங்க, நிஜம்தான். ஆனா அந்த வழக்குல அது மட்டும் இல்ல. வீட்டு வேலைக்காரப் பெண்ணோட கணவருக்குத் தொடர்புன்னு பொய்யான குற்றச்சாட்டு, தற்கொலை மிரட்டல், முயற்சின்னு எல்லாம் சேர்ந்துதான் அந்த முடிவு வந்தது. பத்து வருஷத்துக்கு மேல தனியாவே குடித்தனம் பண்ணிக்கிட்டு இருக்குற ஒரு பொண்ணு, என் ஆபீஸ் தூரமாயிடும், குழந்தை ஸ்கூல் மாறணும், கடன் பயமா இருக்கு, ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்போம்னு சொல்றதைக் கொடுமைன்னு எந்தக் கோர்ட்டும் எடுத்துக்காது. இந்தத் தீர்ப்பைச் சொல்லி உங்களைப் பயமுறுத்துறவங்க கிட்டேருந்து கொஞ்சம் தள்ளியே இருங்க.

எதிர்ப் பக்கத்துப் பயமும் உங்க கடிதத்துல ஒரு வரியில இருந்தது, போனதுக்கு அப்புறம் ஏதாவது சண்டை வந்தா வெளிய போன்னு சொல்லிடுவாங்களோன்னு. மாமனார் பேர்ல இருக்கிற வீடா இருந்தாலும், கணவரோட குடும்பமா வாழ்ந்த வீடுன்னா குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி உங்களுக்குக் குடியிருப்பு உரிமை கேக்க வழி இருக்கு, மாமனார் வீட்டுல மருமகளுக்கு அந்த உரிமையே இல்லன்னு முன்னாடி வந்த தீர்ப்பை 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் மாத்திடுச்சு. ஆனா அது தங்குற உரிமை, சொந்தமாகுற உரிமை இல்ல, அதுவும் வயசானவங்களோட நிம்மதியையும் சேர்த்துப் பார்த்துத்தான் கோர்ட் முடிவு பண்ணும். கடிதத்தைப் படிச்ச வரைக்கும் உங்க வீட்டுல அந்த நிலைமை எல்லாம் வரும்னு எனக்குத் தோணல.

வாடகை மிச்சம்ங்கிற கணக்கு

மாசம் 26,000 மிச்சம்னு உங்க வீட்டுக்காரர் சொல்றார். 40 லட்சம், 20 வருஷம், 8.5 சதவீத வட்டின்னா இஎம்ஐ மாசம் கிட்டத்தட்ட 34,700 வரும், மொத்தமா 83 லட்சம் கட்டியிருப்பீங்க, அதுல 43 லட்சம் வட்டி. வட்டிக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும்னு நினைச்சா, அது பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு, அதுவும் வீடு தன் பேர்ல இருக்கிறவங்களுக்கு. அதனால மிச்சம்னு சொல்லி முடிவெடுக்காதீங்க, சொத்து சேர்க்குறோம்னு சொல்லி முடிவெடுங்க, அப்போ அது யார் பேர்ல சேருதுங்கிற கேள்வி தானா முன்னாடி வந்துடும். இன்னொண்ணு, பேங்க் பொதுவா மனை உரிமையாளரையும் கடன்ல சேர்த்து மொத்த வீட்டையும் அடமானமா எழுதி வாங்கும். ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலை போயி இஎம்ஐ நின்னா, கடன் நின்னா அடமானச் சொத்தை பேங்க்கே எடுத்துக்க வழி தர்ற 2002 சர்ஃபேசி சட்டப்படி அந்த 76 வயசுக்காரர் கட்டின தரைத்தளத்துக்கும் சேர்த்துத்தான் நோட்டீஸ் ஒட்டுவாங்க. மாமனாருக்கு இது தெரியுமா? யாராவது உக்காந்து அவர்கிட்ட சொல்லணும்.

அட்வான்ஸ் விஷயம் சுருக்கமா: 11 மாச அக்ரிமென்ட்தான், பதிவே வேணாம்னு இருக்கீங்க. 2019 பிப்ரவரியிலேருந்து நடைமுறையில இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகார அமைப்புல பதிவும் ஆகணும், 11 மாசம்னு விதிவிலக்கு இல்ல. வேற மாதிரி பேசிக்கலன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைதான், நீங்க கிட்டத்தட்ட பத்து மாச வாடகையை எழுதிக் கையெழுத்து போட்டிருக்கீங்க, அதனால தொகையைப் பத்தி இப்போ சண்டை போட முடியாது, ஆனா காலி பண்ணும்போது நியாயமான கழிவு போக மீதி திரும்ப வரணும். எவ்வளவு நாள் நோட்டீஸ்னு அக்ரிமென்ட்ல பாத்துட்டு எழுத்துலயே கொடுங்க, வாட்ஸ்அப்லயும் அனுப்பி வைங்க.

யாரோட நேரம் போகப் போகுது

இது சட்டம் இல்ல, ஆனா உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப உறுத்தினது இதுதான். பெருங்களத்தூர் போனா உங்க வீட்டுக்காரர் சானடோரியத்துக்குக் கால் மணியில போயிடுவார், இப்போ தினமும் மாம்பலத்துலேருந்து அவர்தான் டிரெயின்ல அலையுறார், அவருக்கு அது பெரிய விடுதலை. உங்களுக்கு நேர் எதிர். பெருங்களத்தூர்லேருந்து கிண்டி வரைக்கும் மின்சார ரயில், அங்க மெட்ரோ மாறி தேனாம்பேட்டை, நிறைய லோக்கல் தாம்பரத்தோட நின்னுடுறதால செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்கணும், வாசல்லேருந்து வாசல் ஒரு பக்கம் ஒண்ணேகால் மணி நேரமாவது பிடிக்கும். வீட்டுக்கு வரும்போது எட்டு மணி. அதுக்கு அப்புறம் அஞ்சு பேருக்கு ராத்திரி சாப்பாடு, குழந்தைக்கு ஹோம்வொர்க், மாமியாருக்கு மாத்திரை. இதையெல்லாம் யார் செய்யப் போறாங்கன்னு உங்க வீட்டுல இதுவரைக்கும் யாருமே பேசினதா கடிதத்துல இல்ல. மாமியாரைப் பாத்துக்கத்தான் போறோம்னா, பகல் முழுக்க வீட்டுல யார் இருக்கப் போறாங்க? நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ்ல. பகலுக்கு ஒரு உதவிக்கு ஆள் வைக்கணும்னா அதை இப்பவே, நீங்க மாம்பலத்துல இருக்கும்போதே வைக்கலாமே. அப்படியே மெதுவா நீங்க வேலையை விடுற மாதிரி நிலைமை உருவாகிடக் கூடாதுன்னு எனக்குக் கவலையா இருக்கு. யாரும் விடச் சொல்ல மாட்டாங்க, முடியாம நீங்களே விட்டுடுவீங்க, இஎம்ஐ மட்டும் ரெண்டு சம்பளத்தை நம்பிப் போட்டதா இருக்கும்.

பெருங்களத்தூர் மோசமான இடம்னு சொல்லல. தாம்பரம் மாநகராட்சிக்குள்ள வந்துடுச்சு, கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கம், குழந்தைக்குத் தாத்தா பாட்டியோட வளர்ற பாக்கியம் மாம்பலத்து ரெண்டு பெட்ரூம்ல கிடைக்காது. 2015 டிசம்பர்ல உங்க தெருவுல எவ்வளவு தண்ணி நின்னதுன்னு மட்டும் அக்கம்பக்கத்துல கேட்டுக்கோங்க, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், அடையாறு அங்கேருந்து தூரம் இல்ல.

நான் சொல்ற வரிசை

முதல்ல மாடி பேச்சை ஒரு வருஷம் தள்ளி வைங்க. உங்க பொண்ணு அடுத்து ஆறாவது, ஸ்கூல் மாத்துறதா இருந்தா அதுதான் சரியான நேரம், நடு வருஷத்துல டிசி வாங்காதீங்க. அந்த மே மாசம் மாமனார் வீட்டுக்கு நடக்குற தூரத்துல ஒரு வாடகை வீடு பாருங்க. தனி அடுப்பு, ஆனா தினமும் போய் வரலாம், ராத்திரி ஒரு அவசரம்னா ஓடலாம். மாம்பலத்தை விட வாடகை கம்மியாத்தான் இருக்கும். அது வேணாம், அப்பா வீட்டுலயே இருக்கலாம்னு உங்க வீட்டுக்காரர் சொன்னா, தரைத்தளத்துலயே ஒரு ரூம்ல ஒரு வருஷம் இருந்து பாருங்க, கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா 40 லட்சம் போட்டுட்டுக் கஷ்டப்படுறதுக்கு இது எவ்வளவோ மேல். அந்த ஒரு வருஷத்துல உங்க ரயில் பயணம் தாங்குதா, கம்பெனியில வாரத்துல ரெண்டு நாள் வீட்டிலேருந்து வேலை பாக்க விடுவாங்களா, மாமியாருக்கு நிஜமா எந்த நேரத்துல ஆள் தேவைப்படுதுன்னு எல்லாமே தெரிஞ்சிடும். ஒத்து வரலன்னா திரும்பி வர உங்களுக்கு வழி இருக்கும்.

அதே ஒரு வருஷத்துல பத்திர வேலையை முடிங்க. நாத்தனார் ரெண்டு பேரையும் ஊருக்கு வரச் சொல்லி மாமனார் வாயாலயே எல்லாரும் இருக்கும்போது சொல்லச் சொல்லுங்க, யாருக்கு என்ன எழுதப் போறார்னு. அவங்க சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்ல, சுய சொத்துன்னா அவர் தனியாவே எழுதலாம். ஆனா பின்னால ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நகல் எடுத்துப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டாங்கன்னா உறவு போயிடும், முதல்லயே சொன்னா வருத்தத்தோட முடியும். சின்ன நாத்தனாருக்கு ஏதாவது பணமா கொடுக்கணும்னு தோணினா கட்டடச் செலவுலயே அதையும் சேர்த்துக் கணக்கு போடுங்க.

உங்க வீட்டுக்காரர்கிட்ட இதைப் பேசும்போது "உங்க அப்பா வீட்டுக்கு வர மாட்டேன்"னு ஆரம்பிக்காதீங்க. "மாடி கட்டுறதா இருந்தா அப்பாவுக்கும் நமக்கும் பாதுகாப்பா கட்டுவோம், அதுக்கு முன்னாடி பத்திரம் பார்ப்போம்"னு ஆரம்பிங்க. மூலப்பத்திரம், பட்டா, வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் இதெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்க, வில்லங்கச் சான்று பதிவுத்துறை வெப்சைட்லயே பாக்கலாம். மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, இருக்குற அஸ்திவாரம் இன்னொரு தளம் தாங்குமான்னு ஒரு இன்ஜினியர்கிட்ட கேட்டுடுங்க, மாடிக்குத் தனியா பிளான் அப்ரூவல் வேணும்.

மூலப்பத்திரத்துல ஒரு வரியை மட்டும் நல்லா படிச்சுட்டு எனக்குத் திரும்ப எழுதுங்க, மனை வாங்கின பணம் எங்கேருந்து வந்ததுன்னு அதுல ஏதாவது எழுதியிருக்கா. அதோட, ஊர் நிலம் தாத்தா கிரயம் வாங்கினதா, இல்ல அவருக்கும் அவர் அப்பா வழியில வந்ததா, மாமனாரும் அவர் அண்ணன் தம்பிகளும் பாகப்பிரிவினைப் பத்திரம் எதாவது போட்டிருக்காங்களான்னு மாமனாரையே கேளுங்க. நாலு தலைமுறையா வந்த நிலமா இருந்தா நான் மேல சொன்ன செட்டில்மென்ட்டை மாமனார் தனியா எழுத முடியாது, நாத்தனார்களும் கையெழுத்து போடுற குடும்பப் பாகப்பிரிவினைப் பத்திரமாத்தான் அதைக் கொண்டு போகணும், அதுக்குத் தனியா உக்காந்து பேசணும்.